ஒரு தலைப்பாகை, 900 சவுக்கடி: படையில் உத்தரவை மீறினால் என்ன ஆகும்?



எங்கள் ஊர் திருவிடந்தை என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது நித்ய கல்யாணப் பெருமாள் கோயில்தான். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் கழுத்தில் மாலையோடு வந்து பிரகாரத்தைச் சுற்றிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு 2018 ஏப்ரலில் பீரங்கி வண்டிகளும் ஹெலிகாப்டர்களும் வந்து இறங்கின. 'டிஃபன்ஸ் எக்ஸ்போ' என்ற ராணுவக் கண்காட்சியை அந்த வருடம் எங்கள் ஊர்க் கடற்கரை ஓரமாகத்தான் நடத்தினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். கூட்டிக்கொண்டு போனது என் பெரியப்பா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிடையர் ஆனவர்.

ஒரு டாங்கியைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டேன். "பெரியப்பா, மேலதிகாரி தப்பான ஆர்டர் போட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஆர்டர்னா ஆர்டர்தாண்டா தம்பி. மொதல்ல செய்யணும். கேள்வியெல்லாம் செஞ்சு முடிச்ச பிறகு."

"செய்ய மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லிப் பாரு, தெரியும்" என்று சிரித்தார்.

அந்த 'தெரியும்' என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள் :)

முதலில் பக்கத்து ஊர்

எங்கள் ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோவளம். இப்போது அங்கே பெரிய நட்சத்திர ஓட்டல் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1752-ல் அது பிரெஞ்சுக்காரர்கள் கையில். அதைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் வந்தார். அவரோடு சுமார் 200 ஆங்கிலேயர்கள், 500 சிப்பாய்கள். அந்த 200 பேரும் லண்டனிலிருந்து புதிதாகப் பிடித்து அனுப்பப்பட்டவர்கள். துப்பாக்கிச் சத்தமே பழக்கமில்லாத கூட்டம்.

கோட்டையிலிருந்து சுட்டதும் மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிட்டது. காவலுக்கு நின்ற ஒருவர் பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி, பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றுக்குள் கண்டுபிடிக்கப்பட்டாராம்! எதிரியின் முன்னால் உத்தரவை விட்டுவிட்டு ஓடுவது எந்தப் படையிலும் மிகப் பெரிய குற்றம். கிளைவ் என்ன செய்தார்? ஓடியவர்களைத் தடுத்து நிறுத்தித் திரும்பக் கூட்டிவந்தார். திரும்பத் திரும்பத் தானே குண்டு பாயும் இடத்தில் போய் நின்று காட்டினார். அவர்கள் வெட்கப்பட்டு மெல்ல மெல்லத் தைரியம் பெற்றார்கள். கோவளமும் விழுந்தது, அடுத்து செங்கல்பட்டுக் கோட்டையும் விழுந்தது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி 54 வருடம் தாண்டி வேலூருக்குப் போவோம். அங்கே யாரும் ஓடவில்லை. "இதைத் தலையில் வைக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார்கள்.

பத்தாவது பத்தி

1806-ல் சென்னை மாகாணத்தின் கவர்னர் வில்லியம் பென்டிங்க். படைத் தலைவர் சர் ஜான் கிரடாக். மாகாணப் படைக்கு ஒரே மாதிரியான விதிப்புத்தகம் வேண்டும் என்று தயாரித்தார்கள். அதில் பதினோராவது பிரிவின் பத்தாவது பத்தியில், அணிவகுப்பிலும் பணியிலும் சிப்பாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தாடையை மழிக்க வேண்டும். மீசை சொன்ன அளவில் இருக்க வேண்டும். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது.

இதோடு ஒரு புதுத் தலைப்பாகையும் வந்தது. பார்ப்பதற்கு ஐரோப்பியர்களின் தொப்பி மாதிரி. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சமும் உண்டு. அது எந்த மிருகத்தின் தோலோ என்ற சந்தேகம் இந்துவுக்கும் இருந்தது, முஸ்லிமுக்கும் இருந்தது. தொப்பி போட்டால் அடுத்தது மதம் மாற்றம்தான் என்ற பேச்சும் பரவியது.

இன்றைக்கு நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் ஊர்க் கோயிலில் காலையில் போட்ட நாமத்தை "அழித்துவிட்டுத்தான் வேலைக்கு வரணும்" என்று யாராவது சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதுவும் 1806-ல்!

மே மாதம்: அமைதியாக மறுத்தவர்கள்

வேலூர்க் கோட்டையில் அப்போது இருந்தது 4வது ரெஜிமெண்ட்டின் இரண்டாவது பட்டாலியன். 1806 மே முதல் வாரத்தில் புதுத் தலைப்பாகையை அணியச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். யாரையும் சுடவில்லை, யாரையும் வெட்டவில்லை. மறுத்தார்கள், அவ்வளவுதான்.

மேலே தகவல் போனது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது. 21 பேரைக் கைது செய்து சென்னைக்குக் கொண்டுபோய் ராணுவ நீதிமன்றத்தில் (கோர்ட் மார்ஷல்) நிறுத்தினார்கள். அந்த 21 பேரில் 10 பேர் முஸ்லிம்கள், 11 பேர் இந்துக்கள். தீர்ப்பு இதுதான்: இரண்டு பேருக்குத் தலா 900 சவுக்கடி, வேலை நீக்கம். அந்த இருவரில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. மீதி 19 பேருக்குத் தலா 500 சவுக்கடி. இந்த 19 பேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் தண்டனையிலிருந்து விடப்பட்டார்கள்.

900 என்ற எண்ணை ஒரு தடவை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... நான் நூறுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

சட்டப்படி இதில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம். உத்தரவு கொடுத்தவருக்கு அதிகாரம் இருந்தது. உத்தரவு எழுத்தில் இருந்தது. சிப்பாய் மறுத்தான். வழக்கு முடிந்தது. அந்த உத்தரவு சரியா என்று நீதிமன்றம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்ச நாளில் கிரடாக்கிற்கே சந்தேகம் வந்து அரசாங்கத்திடம் ஆலோசனை கேட்டார். இப்போது பின்வாங்கினால் பலவீனமாகத் தெரியும் என்று உத்தரவை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஜூன் மாதம்: உண்மை சொன்னவர்

இந்தக் கதையில் எனக்கு மறக்கவே முடியாத ஆள் முஸ்தபா பேக் என்ற சிப்பாய். ஜூன் மாதத்தில் அவர் கர்னல் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரியிடம் போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது, சிப்பாய்கள் எழப்போகிறார்கள் என்று சொன்னார். விசாரிக்கும் பொறுப்பைக் கோட்டையிலிருந்த இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார்கள். அவர்கள் "இவனுக்குப் பைத்தியம்" என்று சொல்லிவிட்டார்கள். முஸ்தபா பேக்கைச் சிறையில் போட்டார்கள்!

ஆக ஜூலை பிறந்தபோது வேலூரில் இருந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் இரண்டு பாடம் தெரிந்திருக்கும். வாய்விட்டு மறுத்தால் 900 அடி. மேலே போய்ச் சொன்னால் சிறை.

ஜூலை 10

அதற்குள் 4வது ரெஜிமெண்ட் பட்டாலியனை வேலூரிலிருந்து மாற்றிவிட்டார்கள். கோட்டையில் இருந்தவை 1வது ரெஜிமெண்ட்டின் இரண்டு பட்டாலியன்களும், 23வது ரெஜிமெண்ட்டின் இரண்டாவது பட்டாலியனும். கூடவே 69வது ரெஜிமெண்ட் என்ற வெள்ளையர் படையின் நான்கு கம்பெனிகள். திப்பு சுல்தானின் குடும்பமும் அதே கோட்டைக்குள் அரண்மனையில் காவலில் இருந்தது.

ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். தங்கள் சொந்த அதிகாரிகள் 14 பேரையும், 69வது ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த 115 பேரையும் கொன்றார்கள். அவர்களில் தூக்கத்தில் இருந்தவர்களும் உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களும் உண்டு. நம் ஊர்க்காரர்கள் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. கொடிமரத்தில் திப்புவின் புலிக்கொடி ஏறியது.

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். அன்று மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அங்கே விசாரணை என்ற பேச்சே இல்லை. அன்று இறந்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்று ஒரு கணக்கு. அதைவிட மிக அதிகம் என்பவர்களும் உண்டு.

பிடிபட்டவர்களுக்குப் பிறகு முறைப்படி விசாரணை நடந்தது. 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். 5 பேர் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 8 பேருக்குத் தூக்கு. 5 பேர் நாடு கடத்தல். கலகத்தில் சேர்ந்த மூன்று பட்டாலியன்களும் கலைக்கப்பட்டுப் படைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. முஸ்தபா பேக்கைச் சிறையிலிருந்து எடுத்துப் பரிசும் பென்ஷனும் கொடுத்தார்கள்.

உத்தரவு போட்டவர்களுக்கு என்ன ஆச்சு?

இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

அந்த ஜூலை மாதத்திலேயே உத்தரவு ரத்தானது. தலைப்பாகையும் போனது, நாமத்துக்கான தடையும் போனது. எந்த உத்தரவுக்காக 900 அடி கொடுத்தார்களோ அது அதற்குப் பிறகு இரண்டரை மாதம்கூட நிற்கவில்லை.

கிரடாக்கைக் கம்பெனி இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்தது. அவர் கப்பல் செலவைக்கூடக் கொடுக்க மறுத்தது. பென்டிங்க்கும் 1807-ல் திருப்பி அழைக்கப்பட்டார். "சரி, அவர்களுக்கும் தண்டனைதானே" என்று நினைக்கிறீர்களா? கிரடாக் 1811-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்குக் கவர்னர் ஆனார். பென்டிங்க் 1828-ல் கவர்னர் ஜெனரலாகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். சதி (உடன்கட்டை) வழக்கத்தைத் தடை செய்தவர் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதே பென்டிங்க்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குச் சவுக்கடி கொடுப்பதை 1835-ல் நிறுத்தியவரும் அவரே. வேலூர் அவர் மனதில் இருந்ததா என்று தெரியாமல் எதையும் சொல்லக் கூடாது. ஆனால் படிக்கும்போது எனக்கு வேலூர்தான் ஞாபகம் வந்தது. அந்த நல்ல காரியமும் நிலைக்கவில்லை. பத்து வருடத்தில் சவுக்கு திரும்பி வந்துவிட்டது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது நம் ராணுவத்துக்கு 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இருக்கிறது. அதில் நம் விஷயத்துக்கு வேண்டிய பிரிவுகளை மட்டும் சொல்கிறேன்.

பிரிவு 41: மேலதிகாரி நேரில் கொடுத்த சட்டப்படியான உத்தரவை, அவர் அதிகாரத்தையே எதிர்ப்பது தெரியும்படி மீறினால் 14 வருடம் வரை சிறை. அப்படி இல்லாமல் சாதாரணமாக மீறினால், போர்க்களப் பணியில் 14 வருடம் வரை, மற்ற நேரத்தில் 5 வருடம் வரை.

பிரிவு 37: பலர் சேர்ந்து கலகம் செய்தால் மரண தண்டனை வரை போகலாம். கலகம் நடக்கப்போகிறது என்று தெரிந்தும் மேலே சொல்லாமல் இருந்தாலும் இதே பிரிவுதான். முஸ்தபா பேக் செய்த காரியம் இன்றைக்குச் சட்டப்படி கடமை!

பிரிவு 26, 27: குறை இருந்தால் மேலே முறையிடும் உரிமை. 26 ஜவான்களுக்கு, 27 அதிகாரிகளுக்கு.

இதற்கு மேல், ராணுவத் தீர்ப்பாயத்துக்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 2009 முதல் அது வேலை செய்கிறது. சென்னையிலும் ஒரு கிளை உண்டு. கோர்ட் மார்ஷல் தண்டனையை எதிர்த்து அங்கே அப்பீல் போகலாம். 1806-ல் அந்த இரண்டு பேருக்கு இப்படி ஒரு கதவும் இல்லை.

'சட்டப்படியான' என்ற ஒரு வார்த்தை

பிரிவு 41-ல் 'உத்தரவு' என்று மட்டும் போடவில்லை, 'சட்டப்படியான உத்தரவு' என்று போட்டிருக்கிறது. இந்த ஒரு வார்த்தையில்தான் பல பேருடைய வாழ்க்கை தொங்குகிறது.

1930 ஏப்ரல் 23. பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதி. ஆயுதம் இல்லாத பட்டாணியர் கூட்டத்தின் மேல் சுடச் சொன்னபோது, கர்வாலி ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த சந்திர சிங் கர்வாலியும் அவரோடு இருந்தவர்களும் மறுத்துவிட்டார்கள். கோர்ட் மார்ஷலில் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. மற்றவர்களுக்கு 3 வருடத்திலிருந்து 15 வருடம் வரை. அவர் 1941-ல்தான் வெளியே வந்தார். சுடாததற்குப் பதினோரு வருடம்!

இதற்கு நேர் எதிர் நியூரம்பெர்க் விசாரணை (1945-46). "மேலிடத்து உத்தரவைத்தான் செய்தேன்" என்று சொன்னால் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்று அந்த நீதிமன்றத்தின் சாசனத்திலேயே எழுதியிருந்தார்கள். நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்திலும் இதே எண்ணம் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 76-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 14-வது பிரிவு. மேலதிகாரி சொன்னபடி கூட்டத்தின் மேல் சுட்ட சிப்பாய்க்கு அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டு இருக்க வேண்டும்.

ஆக ஒரு சிப்பாய் இரண்டு பக்கமும் நெருப்பு உள்ள இடத்தில் நிற்கிறான். சரியான உத்தரவை மீறினால் கோர்ட் மார்ஷல். அப்பட்டமாகத் தவறான உத்தரவைச் செய்தால் கொலை வழக்கு. எது எது என்று சில வினாடிக்குள் அவனே முடிவு செய்ய வேண்டும். நாம் பிறகு வருடக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம் :(

219 வருடம் கழித்து

மதமும் உத்தரவும் மோதுவது வேலூரோடு முடிந்துவிடவில்லை. ஒரு கிறிஸ்தவ ராணுவ அதிகாரி, தன் ரெஜிமெண்ட்டின் வாராந்தர வழிபாட்டு அணிவகுப்புக்குப் போனார். ஆனால் வழிபாட்டு இடத்தின் கருவறைக்குள் வர மாட்டேன், தன் நம்பிக்கை இடம் தராது என்றார். 2021-ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரி என்றது. இது மதச் சுதந்திரப் பிரச்சினை இல்லை, மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மதிப்பது பற்றிய பிரச்சினை என்பது நீதிமன்றத்தின் பார்வை. அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 33-வது ஷரத்து நம் அரசியலமைப்பில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி எங்கள் வகுப்பிலேயே இரண்டு கட்சி. "கூட நிற்கிற ஜவான்களோடு உள்ளே போகாத அதிகாரி பின்னால் எப்படி யுத்தத்துக்குக் கூட்டிப்போவார்?" என்று ஒரு கட்சி. "வெளியே மரியாதையாக நின்றாரே, அது போதாதா?" என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், பதில் கேட்டார்கள், அவர் நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் வரை போய்த் தன் பக்கத்தைச் சொன்னார். தோற்றார். ஆனால் சொன்னார். வேலூரில் அந்த 21 பேருக்குக் கிடைக்காதது இதுதான்.

கடைசியாக

வேலூரைப் பற்றிப் பேசும்போது ஜூலை 10-ஐத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலைகூட வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது மே மாதம். அமைதியாக மறுத்தவனின் முதுகைக் கிழித்தார்கள், உண்மை சொன்னவனைப் பைத்தியம் என்றார்கள். அதன் பிறகு யாரும் அமைதியாக மறுக்கவில்லை. கோவளத்தில் ஓடிப்போனவர்களைத் திருத்தக் கிளைவுக்குப் பொறுமை இருந்தது. வேலூரில் நின்று பேசியவர்களைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

உத்தரவுக்குக் கீழ்ப்படியாத படை படையே இல்லை என்று பெரியப்பா சொல்வது சரிதான். இந்தக் கட்டுரையை எழுதிவிட்டு அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"கேள்வியெல்லாம் செஞ்சு முடிச்ச பிறகுன்னு அன்னிக்குச் சொன்னேன் இல்ல? செஞ்சு முடிச்ச பிறகு கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கணும்டா. அது இருந்தாத்தான் நான் சொன்னது சரி."

என் கேள்விக்கு எட்டு வருடம் கழித்துக் கிடைத்த பதில் அது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அந்த மே மாதம் நீங்கள் வேலூரில் இருந்திருந்தால் தலைப்பாகையை எடுத்து வைத்திருப்பீர்களா, மாட்டீர்களா? யோசித்துச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.